பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சைகளும் பொறிவண்டுகளும்

பயிர்ப் பூச்சிகளை அழிப்பதற்காக வயலில் தெளிக்கப்படும் பவேரியா, மெட்டாரைசியம், லெக்கானிசீலியம் முதலிய பூஞ்சைகள், அதே வயலில் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்று உழவருக்கு உதவும் பொறிவண்டுகளையும் தாக்கக்கூடியவை. உயிரியல் முறைப் பூச்சிக் கட்டுப்பாட்டில் பூஞ்சைகள், பொறிவண்டுகள் இரண்டும் நன்மை செய்யும் உயிர்கள் என்றே பாடநூல்களில் அடுத்தடுத்த பக்கங்களில் சொல்லப்படுகின்றன. ஆனால் இரண்டின் வரலாறும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தனித்தனிப் பாதையில் சென்றது. ஒன்று மற்றொன்றைக் கொல்லுமா என்ற கேள்வி 1980களுக்குப் பிறகே ஆய்வுக்கூடங்களில் பரவலாகக் கேட்கப்பட்டது. இத்தனைக்கும் இப்பூஞ்சைகளுள் மிகவும் அறியப்பட்ட பவேரியா, அறிவியலுக்கு முதன்முதலில் அறிமுகமானதே மனிதர் வளர்த்த ஒரு பயனுள்ள பூச்சியைக் கொல்லும் நோயாகத்தான்.

பட்டுப்புழுவின் நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இத்தாலியிலும் பிரான்சிலும் பட்டு வளர்ப்பு பெரிய தொழிலாக இருந்தது. அங்கு பட்டுப்புழுக்கள் திடீரென இறந்து, உடல் விறைத்து, மேலே சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளையாக மாறும் நோய் ஒன்று பரவியது. இத்தாலியர் அதைச் சுண்ணாம்பைக் குறிக்கும் சொல்லால் 'கல்சீனோ' என்றும், பிரெஞ்சுக்காரர் 'மஸ்கார்டின்' என்றும் அழைத்தனர். தமிழ்நாட்டுப் பட்டு வளர்ப்போர் இதனைச் சுண்ணக்கட்டி நோய் என்கின்றனர்.

லோடி நகருக்கு அருகில் பிறந்த அகஸ்தீனோ பாசி (1773–1856) சட்டம் படித்தவர். கண்பார்வை குன்றியதால் அரசுப் பணியை விட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், 1807 வாக்கில் இந்நோயை ஆராயத் தொடங்கினார். உணவு, காற்று, வெப்பம், புகை என்று பல காரணங்களை அவர் சோதித்தார். பல ஆண்டுகள் எந்தச் சோதனையும் பலிக்கவில்லை. இறந்த புழுவின் மேல் படியும் வெள்ளைத் தூளை நலமான புழுவின் மீது பட வைத்தால் அதுவும் அதே நோயால் இறக்கிறது என்பதை இறுதியில் கண்டார். 1834ஆம் ஆண்டு பாவியா பல்கலைக்கழகத்தினர் முன்னிலையில் செய்து காட்டி, 1835ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். நுண்ணுயிர் ஒன்று விலங்கில் தொற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குச் செய்முறைச் சான்று கிடைத்தது இதுவே முதல் முறை. பாஸ்டர், காக் ஆகியோரின் புகழ்பெற்ற பணிகள் இதற்குச் சில பத்தாண்டுகள் பிற்பட்டவை.

மிலான் நகர இயற்கையியலாளர் பல்சாமோ கிரிவெல்லி அப்பூஞ்சைக்குப் பாசியின் பெயரைச் சூட்டினார். பின்னர் 1912ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் வில்மேன், அதே துறையில் பணியாற்றிய ழான் பொவெரி என்பவரின் நினைவாகப் 'பவேரியா' என்னும் பேரினத்தை ஏற்படுத்தினார். இன்று உழவர்கள் பவேரியா என்று கடையில் கேட்டு வாங்கும் பொடியில் இருப்பது பவேரியா பேசியானா. அதன் பெயரின் இரண்டாம் பகுதியில் பாசி இருக்கிறார்.

பாசியின் நோக்கம் புழுவைக் காப்பது. தட்டுகளையும் கருவிகளையும் தூய்மைப்படுத்துவது, இறந்த புழுவை உடனே அகற்றுவது என்றே அவருடைய அறிவுரைகள் அமைந்தன. அதே பூஞ்சையைத் தீங்கு செய்யும் பூச்சியின் மேல் ஏவலாம் என்ற எண்ணம் வலுப்பெற மேலும் ஒரு தலைமுறை ஆனது.

நோயை ஆயுதமாக்கிய முயற்சிகள்

1879ஆம் ஆண்டு, பின்னாளில் நோயெதிர்ப்பு ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிகோவ் ஒடெசாவில் கோதுமையைத் தாக்கும் தானிய வண்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வண்டின் புழுக்கள் சிலவற்றின் மேல் பச்சை நிறப் பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டார். அனிசோப்லியா என்னும் அவ்வண்டின் பெயரால் பூஞ்சைக்கு அனிசோப்லியே என்ற பெயர் வந்தது. இன்றைய மெட்டாரைசியம் அனிசோப்லியே இதுவே. பீர் தயாரிப்பில் பயன்படும் மாவுக்கூழில் இதைப் பெருக்கலாம் என்று மெச்னிகோவ் கண்டார். 1884ஆம் ஆண்டு கியெவ் பகுதியிலுள்ள ஸ்மேலா என்னும் ஊரில் கிரசில்ஷிக் என்பவர் இதற்கென்றே ஒரு கூடம் அமைத்து, கிலோ கணக்கில் வித்துகளை உற்பத்தி செய்து, சர்க்கரைக் கிழங்கைத் தாக்கும் கூன்வண்டின் மேல் சோதித்தார்.

இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. மெச்னிகோவின் பூச்சியும் வண்டு, கிரசில்ஷிக்கின் பூச்சியும் வண்டு. வண்டினத்தின் உடற்தோலைத் துளைக்கும் திறன் பார்த்தே பூஞ்சைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பொறிவண்டும் அதே வண்டு வரிசையைச் சேர்ந்தது. ஆனால் அன்று யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நடந்தது இதைவிடப் பெரிய முயற்சி. அங்கு கோதுமையையும் சோளத்தையும் சாறு உறிஞ்சி அழித்த சிஞ்ச் பூச்சிக்கு எதிராக, மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்த பிரான்சிஸ் ஸ்னோ 1888 முதல் வெள்ளைப் பூஞ்சையைப் பரப்பினார். உழவர்கள் உயிருள்ள பூச்சிகளை அனுப்ப, நோயுற்ற பூச்சிகள் பெட்டியில் அடைத்து அவர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. நோயுற்றவற்றை நலமானவற்றுடன் சில நாள் ஒன்றாக வைத்து, பின் வயலில் விட வேண்டும் என்பது அறிவுரை. பலர் நல்ல பலன் கிடைத்ததாக எழுதினர். ஆனால் 1911ஆம் ஆண்டு பில்லிங்ஸ், கிளென் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. பூஞ்சை விடப்படாத வயல்களிலும் அது ஏற்கெனவே இருந்தது. ஈரமும் வெப்பமும் ஒத்துவந்த இடத்தில் பூச்சிகள் தாமாகவே நோயுற்றன; ஒத்துவராத இடத்தில் பெட்டி பெட்டியாக விட்டும் பயனில்லை.

இலங்கையில் அரசுப் பூஞ்சையியலாளராகப் பேராதனையில் பணியாற்றிய தாமஸ் பெட்ச் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். தேயிலை, காப்பிச் செடிகளின் செதில் பூச்சிகளில் வளரும் பூஞ்சைகளைப் பல ஆண்டுகள் தொகுத்து வகைப்படுத்தியவர் அவர். 1920களில் எழுதிய ஆய்வுரைகளில், இயற்கையாக ஏற்கெனவே இருக்கும் ஒரு பூஞ்சையை மனிதர் மேலும் கொண்டுவந்து தூவியதால் பூச்சி கட்டுப்பட்டது என்பதற்கு ஐயத்துக்கு இடமற்ற சான்று இல்லை என்று வாதிட்டார். பூஞ்சைகளை எல்லோரையும்விட நன்கு அறிந்த ஒருவரே அவற்றின் மீது வைத்த அளவு மீறிய நம்பிக்கையைத் தடுத்து நிறுத்தினார் என்பது இத்துறை வரலாற்றின் சுவையான பகுதி.

பொறிவண்டின் காலம்

பூஞ்சை கான்சஸில் தடுமாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கலிபோர்னியாவில் ஒரு பொறிவண்டு வெற்றிக்கொடி நாட்டியது. ஆஸ்திரேலியாவிலிருந்து தவறுதலாக வந்து சேர்ந்த பஞ்சு போன்ற செதில் பூச்சி 1880களில் அங்கு ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. அமெரிக்க வேளாண் துறையின் பூச்சியியலாளர் ரைலி, தம் உதவியாளர் கோபெல் என்பவரை 1888ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். கோபெல் அனுப்பிய முதல் தொகுதியில் உயிருடன் வந்து சேர்ந்த வேடாலியா பொறிவண்டுகள் 28. அவை லாஸ் ஏஞ்சலிஸில் கூடாரம் கட்டிய ஒரே ஆரஞ்சு மரத்தில் விடப்பட்டன. அடுத்தடுத்த தொகுதிகளையும் சேர்த்து வந்தவை மொத்தம் 514. 1889ஆம் ஆண்டின் இறுதிக்குள் செதில் பூச்சி ஒரு தொல்லையாகவே இல்லாமல் போனது.

இந்தியாவும் இதில் பின்தங்கவில்லை. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் என்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு 1898ஆம் ஆண்டே தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டது. அது எதிர்பார்த்த செதில் பூச்சியைப் பெரிதாகக் கட்டுப்படுத்தவில்லை என்றாலும், மாவுப்பூச்சிகளின் மேல் நிலைபெற்றுவிட்டது. கலிபோர்னியாவை வாட்டிய அதே பஞ்சுச் செதில் பூச்சி 1928ஆம் ஆண்டு நீலகிரியில் சீகை மரங்களில் காணப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வேடாலியா வண்டும் அங்கு வந்து சேர்ந்தது.

1940களில் டி.டி.டி. வந்தபின் பூஞ்சை, பொறிவண்டு இரண்டுமே ஒதுக்கப்பட்டன. ஆனால் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் சான் ஹோக்கின் பள்ளத்தாக்கில் டி.டி.டி. தெளித்த தோட்டங்களில், அறுபது ஆண்டுகளாக அடங்கியிருந்த பஞ்சுச் செதில் பூச்சி மீண்டும் தலைதூக்கியது. மருந்து வேடாலியாவைக் கொன்றிருந்தது. தெளிப்பு நிறுத்தப்பட்டு வண்டு மீண்டும் விடப்பட்டதும் பூச்சி அடங்கியது. வயலில் தெளிக்கப்படும் ஒரு பொருள் இரைவிழுங்கிகளை என்ன செய்கிறது என்று சோதிக்க வேண்டும் என்ற கருத்து இதுபோன்ற நிகழ்வுகளால்தான் வேரூன்றியது. ஐரோப்பாவில் உயிரியல் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வுக்குழு ஒன்று 1974 முதல் பூச்சிக்கொல்லிகளை நன்மை செய்யும் பூச்சிகளின் மேல் முறையாகச் சோதிக்கத் தொடங்கியது. முதலில் அதன் பட்டியலில் இருந்தவை பெரும்பாலும் வேதிப்பொருள்கள். உயிரி மருந்து என்றால் தீங்கற்றது என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது.

பூஞ்சை உடலுக்குள் நுழையும் வழி

அந்த எண்ணம் ஏன் முழுதும் சரியில்லை என்பதை அறிய, இப்பூஞ்சைகள் கொல்லும் முறையைப் பார்க்க வேண்டும். பாக்டீரியா, வைரசு ஆகியவற்றால் ஆன உயிரி மருந்துகள் பூச்சியின் வாய் வழியே குடலுக்குள் சென்றால்தான் வேலை செய்யும். இலையைத் தின்னாத பொறிவண்டு பெரும்பாலும் தப்பிவிடும். பூஞ்சைக்கு அந்தத் தேவை இல்லை. அதன் வித்து பூச்சியின் தோலில் ஒட்டிக்கொண்டால் போதும். ஈரப்பதம் கிடைத்ததும் வித்து முளைக்கிறது. புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, அழுத்தமும் கொடுத்துத் தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது. உடல் திரவத்தில் பெருகி, சில நாள்களில் பூச்சியைக் கொன்று, பின்னர் மூட்டுகளின் இடைவெளி வழியே வெளியே வந்து புதிய வித்துகளை உண்டாக்குகிறது. பாசி பார்த்த வெள்ளைத் தூள் இந்தக் கடைசிக் கட்டம்.

எனவே பொறிவண்டுக்கு ஆபத்து மூன்று வழிகளில் வருகிறது: தெளிப்பு நேராக மேலே படுவது, தெளித்த இலையில் நடப்பது, நோயுற்ற இரையைத் தொட்டுத் தின்பது. பொறிவண்டின் புழு ஒரு நாளில் இலைக்கு இலை அலைந்து இரை தேடுவது. அசுவினியோ ஒரே இடத்தில் அமர்ந்து சாறு குடிப்பது. ஆகவே தெளித்த இலைப்பரப்பில் கூடுதல் வித்துகளைத் தன் காலிலும் வயிற்றிலும் அள்ளிக்கொள்வது பல வேளைகளில் இரையைவிட இரைவிழுங்கியே. புழுவுக்கு ஒரு தற்காப்பு உண்டு. வித்து முளைத்துத் துளைப்பதற்குள் தோலுரித்துவிட்டால் நோயும் பழைய தோலோடு போய்விடும்.

கேள்வி எழுந்த காலம்

சோவியத் ஒன்றியத்தில் 1965 முதல் 'போவெரின்' என்ற பெயரில் பவேரியா மருந்து உருவாக்கப்பட்டு, குறைந்த அளவு வேதிமருந்துடன் கலந்து கொலராடோ உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிராகப் பயன்பட்டது. வட அமெரிக்காவிலும் இதே வண்டுக்குப் பவேரியா பரிந்துரைக்கப்பட்டபோது சிக்கல் வெளிப்படையானது. அங்கு உருளைக்கிழங்கு வண்டின் முட்டைகளைத் தின்னும் முக்கிய இரைவிழுங்கி, கோலியோமெகில்லா என்னும் இளஞ்சிவப்புப் பொறிவண்டு. தின்பதும் தின்னப்படுவதும் வண்டுகளாக இருக்கும் வயலில், வண்டைக் கொல்லும் பூஞ்சை யாரைக் கொல்லும்?

1988ஆம் ஆண்டு மகல்யாய்ஷ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் கோலியோமெகில்லா உட்பட இரு பொறிவண்டுகள் பவேரியாவால் இறப்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டினர். 1990களில் கனடாவின் கியூபெக்கில் தொதொரோவாவும் குழுவினரும் பவேரியாவின் வெவ்வேறு வகைகளை உருளைக்கிழங்கு வண்டின் மேலும் பொறிவண்டின் மேலும் ஒப்பிட்டுச் சோதித்தனர். எல்லா வகைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. அதே பவேரியா பேசியானா என்ற பெயரில் இருப்பவற்றுள் சில பொறிவண்டைக் கடுமையாகத் தாக்கின. சில மிகக் குறைவாகவே தாக்கின. உறையில் அச்சிடப்பட்ட இனப்பெயர் மட்டும் பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பது இதிலிருந்து கிடைத்த பாடம். இத்துறையின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜேம்ஸ், லைட்ஹார்ட் ஆகியோர் 1994ஆம் ஆண்டு ஹிப்போடேமியா என்னும் பொறிவண்டின் புழுக்களில் நான்கு பூஞ்சைகளைச் சோதித்தனர். பவேரியாவும் மெட்டாரைசியமும் அவற்றைக் கொன்றன. பெரும்பாலும் கம்பளிப்புழு போன்ற அந்துப்பூச்சிப் புழுக்களைத் தாக்கும் நொமுரேயா ரிலேயி பொறிவண்டைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த குதிரைமசால் வயல் ஆய்வில், பவேரியா தெளித்த பாத்திகளில் இப்பொறிவண்டின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆய்வுக்கூடத்தில் மட்டுமே நடப்பது என்று தள்ளிவிட முடியாத முடிவு இது.

எனினும் ஆய்வுக்கூட எண்களை அப்படியே வயலுக்குக் கொண்டுசெல்வதும் தவறு. ஆய்வுக்கூடத்தில் வண்டை வித்துக் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் நிறைந்த மூடிய தட்டில் வைக்கிறார்கள். வயலில் வெயிலின் புற ஊதாக் கதிர் இலைமேல் உள்ள வித்துகளைச் சில நாள்களிலேயே செயலிழக்கச் செய்கிறது. காற்று உலர்ந்திருந்தால் வித்து முளைப்பதில்லை. வண்டு பறந்து வேறிடம் போகவும் முடியும். நான்கு சுவருக்குள் நூற்றுக்கு நூறு இறந்த வண்டு, திறந்த வயலில் பெரும்பாலும் பிழைத்துக்கொண்ட நிகழ்வுகள் உண்டு. இதனால் ஒரே பூஞ்சையைப் பற்றி 'பாதுகாப்பானது' என்றும் 'ஆபத்தானது' என்றும் இருவகை ஆய்வுரைகள் கிடைக்கின்றன. இரண்டும் பொய்யல்ல. வகை, அளவு, ஈரம், வண்டின் பருவம் ஆகியவை வேறுபடுகின்றன.

எல்லாப் பூஞ்சைகளும் கண்மூடித்தனமாகக் கொல்வதில்லை என்பதற்கு ஆப்பிரிக்கா நல்ல எடுத்துக்காட்டு. 1980களின் பிற்பகுதியில் பாலைவன வெட்டுக்கிளிகள் பெருகியதை அடுத்து, 1989இல் 'லுபிலோசா' என்ற பன்னாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. அது உருவாக்கிய 'கிரீன் மசில்' மருந்தில் இருப்பது வெட்டுக்கிளி இனத்தையே முதன்மையாகத் தாக்கும் மெட்டாரைசியம் வகை.

மண்ணில் வாழும் இரைவிழுங்கி வண்டுகளின் நிலையும் சற்று வேறு. தரை வண்டுகள், குறுஞ்சிறகு வண்டுகள் ஆகியவை பவேரியாவும் மெட்டாரைசியமும் இயல்பாகவே குடியிருக்கும் மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவை. டென்மார்க்கில் 1990களில் வயல்களிலிருந்து பிடித்து ஆராய்ந்தபோது, முதிர்ந்த தரை வண்டுகளில் இயற்கைத் தொற்று குறைவாகவும் அவற்றின் புழுக்களில் அதிகமாகவும் இருந்தது.

குளிர்காலத்தில் நடப்பது

மனிதர் எதையும் தெளிக்காத இடத்திலும் பொறிவண்டுக்குப் பவேரியா பழைய பகையாளி. ஐரோப்பாவின் ஏழு புள்ளிப் பொறிவண்டு குளிர்காலத்தில் சருகுக்கடியிலும் புல்தூரிலும் மரப்பட்டை இடுக்கிலும் கூட்டமாக ஒடுங்கிக் கிடக்கும். மண்ணுக்கும் சருகுக்கும் அருகில், ஈரத்தில், அசையாமல், ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் அந்த மாதங்களில்தான் பூஞ்சைக்கு வாய்ப்பு. பிரிட்டனில் குளிர்காலத்தில் இறக்கும் ஏழு புள்ளி வண்டுகளின் சாவுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று பவேரியா என்று கண்டறியப்பட்டுள்ளது. நோய்ப்பட்ட மண்ணையும் இலையையும் இவ்வண்டு ஓரளவு உணர்ந்து ஒதுங்குகிறது என்றும் பிந்தைய சோதனைகள் காட்டின.

2004ஆம் ஆண்டு பிரிட்டனுக்குள் ஆசியப் பொறிவண்டான ஹார்மோனியா நுழைந்தது. ஐரோப்பாவில் அசுவினியைக் கட்டுப்படுத்தவென்று வேண்டுமென்றே விடப்பட்டு, பின் எல்லை மீறிப் பரவிய வண்டு அது. ஹெலன் ராய், மைக்கேல் மஜெரஸ் உள்ளிட்டோர் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உள்ளூர் வண்டுகளான ஏழு புள்ளி, இரு புள்ளிப் பொறிவண்டுகளைவிட ஹார்மோனியா பவேரியாவை நன்கு தாங்கியது. அப்படியானால் பூஞ்சை பரவலாகத் தெளிக்கப்படும் இடத்தில், வந்தேறி வண்டு தப்பி உள்ளூர் வண்டு இறக்கும் என்ற அச்சத்துக்கு இடமுண்டு. ஆனால் நோயிலிருந்து தப்பிய ஹார்மோனியாக்கள் குறைவாகவே முட்டையிட்டன. இறந்தவற்றை மட்டும் எண்ணும் ஆய்வுகள் இந்த இழப்பைக் காண்பதில்லை. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த வில்சின்ஸ்காஸ் குழுவினர் மற்றொன்றைக் கண்டனர். ஹார்மோனியாவின் உடல் திரவத்தில், பூஞ்சைக்கு நெருங்கிய உறவான மைக்ரோஸ்போரிடியா ஒட்டுண்ணிகள் நிறைந்திருக்கின்றன. அவை ஹார்மோனியாவுக்குத் தீங்கு செய்வதில்லை. அதே ஒட்டுண்ணி ஏழு புள்ளி வண்டின் உடலில் செலுத்தப்பட்டால் அது இறக்கிறது.

இதற்கு நேர்மாறான உறவும் உண்டு. அசுவினியை மட்டுமே தாக்கும் பாண்டோரா என்னும் பூஞ்சை பொறிவண்டுக்கு நோய் தருவதில்லை. அந்நோயால் இறந்த அசுவினியைப் பொறிவண்டு விரும்பித் தின்பதில்லை. பாதி கடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. இடையில் வித்துகள் அதன் உடலில் ஒட்டிக்கொண்டு அடுத்த அசுவினிக் கூட்டத்துக்குச் சென்று சேர்கின்றன. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ராயும் பெல்லும் 1990களின் பிற்பகுதியில் இதைச் சோதித்தபோது, ஏழு புள்ளி வண்டு நடமாடிய செடிகளில் நோய் கூடுதலாகப் பரவியது. இங்கு பூஞ்சையின் தபால்காரர் பொறிவண்டு.

கொல்லாமலே பாதிப்பது

பூஞ்சை தொடாமலேயே பொறிவண்டை வீழ்த்தும் வழி ஒன்று உண்டு. அதன் சாப்பாட்டைப் பறிப்பதே அது. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் அமெரிக்க ஆய்வாளர்கள் வாண்டர்மீர், பெர்ஃபெக்டோ இருவரும் பல்லாண்டு செய்த ஆய்வு இதை விளக்குகிறது. அங்கு அஸ்டெக்கா என்னும் எறும்பு, இனிப்புச் சாற்றுக்காகப் பச்சைச் செதில் பூச்சிகளை ஆடுமாடு போல் காவல் காக்கிறது. அஸியா என்னும் பொறிவண்டு அப்பூச்சிகளைத் தின்பது. முதிர்ந்த வண்டை எறும்புகள் விரட்டிவிடும். ஆனால் அதன் புழுவின் உடல் முழுதும் ஒட்டும் மெழுகு இழைகள் இருப்பதால் எறும்பு கடித்தால் வாய் சிக்கிக்கொள்ளும். எனவே எறும்பின் கோட்டைக்குள்ளேயே புழு பாதுகாப்பாக வளர்கிறது.

காவலின் காரணமாகச் செதில் பூச்சிகள் ஒரே செடியில் நெருக்கமாகப் பெருகுகின்றன. நெருக்கம் கூடியதும் லெக்கானிசீலியம் என்னும் வெண்பூஞ்சை கொள்ளைநோயாகப் பரவி, பூச்சிக் கூட்டத்தை ஒருசேர அழிக்கிறது. வண்டின் உணவு அங்கு தீர்ந்துவிடுகிறது. இப்பூஞ்சை 1898ஆம் ஆண்டு சிம்மர்மன் என்பவரால் ஜாவாவின் காப்பிச் செடிகளில் இதே பச்சைச் செதில் பூச்சியின் மேலிருந்து முதலில் விவரிக்கப்பட்டது. வெர்டிசீலியம் லெக்கானி என்ற பழைய பெயரிலேயே இன்றும் தமிழ்நாட்டுக் கடைகளில் விற்கப்படுகிறது. சியாபாஸில் அது காப்பி இலைத்துரு நோயின் பூஞ்சையையும் தாக்குவது கண்டறியப்பட்டது. 1869க்குப் பின் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்து அத்தீவைத் தேயிலைக்கு மாற்றியது அந்தத் துரு நோயே. ஆகவே எறும்பு, செதில் பூச்சி, பொறிவண்டு, பூஞ்சை ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் பிடித்து நல்லது, கெட்டது என்று சொல்ல அத்தோட்டம் இடம் கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டு வயல்களில்

இந்தியாவில் உயிரி மருந்துகளும் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். பட்டுப்புழு, தேனீ, மீன் ஆகியவற்றின் மேலான பாதுகாப்புச் சோதனைகள் பதிவுக்கு முன் கேட்கப்படுகின்றன. பட்டுப்புழு இப்பட்டியலில் இருப்பதன் காரணம் பாசியின் கதையை அறிந்தோருக்கு எளிதில் விளங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் மழையும் குளிரும் சேர்ந்த மாதங்களில் சுண்ணக்கட்டி நோய் இன்றும் வளர்ப்பு மனைகளில் வருகிறது. மல்பெரித் தோட்டத்தை ஒட்டிய காய்கறி வயலில் பவேரியா தெளிப்பவர், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

பொறிவண்டைப் பொறுத்தவரை சிக்கல் பரிந்துரைப் பட்டியல்களில்தான் தொடங்குகிறது. மாவுப்பூச்சிக்கான அறிவுரைகளில் கிரிப்டோலீமஸ் வண்டை விடுவதும், வெர்டிசீலியம் அல்லது பவேரியா தெளிப்பதும் அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. திராட்சையில் கொடிக்குப் பத்து வண்டு என்பது வழக்கமான அளவு. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யும் உழவர், காசு கொடுத்து வாங்கிய வண்டின் மேலேயே காசு கொடுத்து வாங்கிய பூஞ்சையைத் தெளிக்கிறார். பூஞ்சையை முதலில் தெளித்து, வித்துகளின் வீரியம் வெயிலில் குறைந்தபின் வண்டை விடுவதே பொருத்தமான வரிசை. பூச்சி திட்டுத் திட்டாக இருந்தால் அச்செடிகளில் மட்டும் தெளித்து, மற்றவற்றை வண்டுக்கு விட்டுவிடலாம். மாலையில் தெளிக்கச் சொல்வது வித்து முளைக்க இரவின் ஈரம் தேவை என்பதற்காக. அதே ஈரம் இலையடியில் தங்கியிருக்கும் வண்டின் மேலும் வேலை செய்யும்.

தெளிப்பதற்கு முன் செடியை உற்றுப் பார்ப்பதும் தேவை. கிரிப்டோலீமஸின் புழு வெள்ளை மெழுகு இழைகளால் மூடப்பட்டு, பார்ப்பதற்கு மாவுப்பூச்சி போலவே இருக்கும். பூஞ்சையால் இறந்த மாவுப்பூச்சியும் வெள்ளைதான். மூன்றும் ஒரே கொத்தில் கிடக்கும்போது, 'பூச்சி இன்னும் சாகவில்லை' என்று இரண்டாம் முறை மருந்து கலக்கும் தவறு எளிதில் நிகழ்கிறது. மாவுப்பூச்சி குச்சியால் தொட்டால் மெல்ல ஊரும் அல்லது அப்படியே இருக்கும். வண்டின் புழு அதைவிடப் பெரிது, வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். இழைகள் நீண்டு கலைந்திருக்கும். தொட்டதும் விரைந்து நகரும். பூஞ்சையால் இறந்தது அசையாது, உலர்ந்து விறைத்திருக்கும், அதன் வெண்மை பூச்சியின் ஓரத்தைத் தாண்டி இலை மேல் வளையம் போல் படர்ந்திருக்கும்.